நேவன் ரோட்டு வீடுகள் - வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். நான் டப்ளின்ல நர்ஸா இருக்கேன், சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். உங்க சின்ன வயசு டப்ளின் நாட்கள் பத்தி போன மாசம் எழுதியிருந்தீங்கள்ல, அதுல "நேவன் ரோட்ல வீட்டு சாவி எப்பவும் கதவுலயே இருக்கும்"னு ஒரு வரி வந்துச்சு. அந்த வரியிலேயே நின்னுட்டேன் சார். ஏன்னா நான் இப்ப இருக்கிறதே அந்த ரோட்டை ஒட்டித்தான், ஃபீனிக்ஸ் பார்க் ரேஸ்கோர்ஸ் இருந்த இடத்துல கட்டின அப்பார்ட்மென்ட்ல. 3 வருஷமாச்சு, எதிர் ஃப்ளாட்ல யார் இருக்காங்கன்னு தெரியாது, தெரிஞ்சுக்கிறதுக்குள்ள காலி பண்ணிட்டு போயிடறாங்க. கீழ மெயின் கதவுக்கு ஒரு நம்பர், லிஃப்ட்டுக்கு ஒரு கார்டு, அப்புறம்தான் நம்ம கதவு. இதுல யார் வந்து யாரைத் தட்டறது?

ஒரு விஷயம் மட்டும் இருக்கு. நைட் ட்யூட்டி முடிச்சு காலைல பஸ்ல இருந்து இறங்கி நடந்து வரும்போது ரோட்டோரம் ஒரு பழைய வீட்ல ஒரு பாட்டி ஜன்னல்கிட்ட உக்காந்திருப்பாங்க, என்னைப் பாத்து கை காட்டுவாங்க. நானும் காட்டுவேன். 3 வருஷமா அவ்வளவுதான் பழக்கம்.

நீங்க எழுதினது எல்லாம் நிஜமாவே அப்படித்தான் இருந்துச்சா, இல்ல சின்ன வயசுங்கறதால அப்படித் தெரியுதா? என் வீடு இருக்கிற அந்த ரேஸ்கோர்ஸ் முன்ன எப்படி இருந்துச்சு? அந்த பாட்டி வீட்டுக் கதவை நான் போய் தட்டலாமா, இந்த ஊர்ல அது தப்பா?

(பெயர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்ட வாசகி, டப்ளின்)

வணக்கம்மா,

உங்க கடிதத்தை ரெண்டு தடவ படிச்சேன், ரெண்டாவது தடவ அம்மாவுக்கு சத்தமா படிச்சு காட்டினேன். அவங்களுக்கு இப்ப 81 வயசு, காது கொஞ்சம் மந்தம், ஆனா நேவன் ரோடுன்னு சொன்னா உடனே நிமிந்து உக்காந்துருவாங்க. ரேஸ்கோர்ஸ்ல வீடு கட்டிட்டாங்கன்னதும் "அந்தப் புல்லு எல்லாம் போச்சா"ன்னுதான் முதல்ல கேட்டாங்க.

அதனால அந்தப் புல்லுல இருந்தே ஆரம்பிக்கிறேன். நீங்க படுத்துத் தூங்குற இடத்துல குதிரை ஓடிச்சும்மா. 1902ல ஆரம்பிச்ச ரேஸ்கோர்ஸ் அது, 1990ல மூடினாங்க. நாங்க 1976ல அங்க போனோம், எனக்கு 8 வயசு, அப்பாவுக்கு ஒரு ஆஸ்பத்திரியில வேலை, வாடகைக்கு ஒரு வீடு. ரேஸ் நடக்கிற அன்னிக்கு ரோட்டோரம் பூரா கார் நிக்கும், பசங்க நாங்க "காரைப் பாத்துக்கிறோம் சார்"னு சொல்லி காசு வாங்குவோம். உள்ள ஒலிபெருக்கியில ஒருத்தர் குதிரைங்க பேரை வேகமா சொல்லிக்கிட்டே வருவார், முதல்ல சாதாரணமா ஆரம்பிச்சு போகப் போக குரல் ஏறி, அப்புறம் கூட்டத்தோட சத்தம் ஒரே அலையா எழுந்து சட்டுனு அடங்கும், அதுக்குள்ள எங்க வீட்டு கொல்லையில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்த அம்மா "முடிஞ்சிருச்சு"ன்னு சொல்லுவாங்க. மூடினப்புறம் அந்த இடத்துல சூதாட்ட விடுதியோட ஒரு பெரிய வளாகம் கட்டணும்னு 90கள்ல ஒரு திட்டம் வந்துச்சு, அந்தப் பக்கத்து ஜனங்க கடுமையா எதிர்த்தாங்க, நடக்கல. அதுக்கப்புறம் வந்ததுதான் உங்க அப்பார்ட்மென்ட் எல்லாம்.

எங்க வீட்லருந்து மூணாவது வீட்ல ஒரு தாத்தா இருந்தார். அந்த ரேஸ்கோர்ஸ்ல குதிரை லாயத்துல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். அம்மாவுக்கு அந்த ஊர்ப் பேரெல்லாம் வாயில நுழையாது, அதனால எல்லாருக்கும் தமிழ்ல ஒரு பேர் வச்சிருந்தாங்க. அவர் பச்ச கேட்டு தாத்தா. ரிட்டயர் ஆனப்புறமும் பழைய பழக்கத்துல லாயத்துக்குப் போய் ஒத்தச் சக்கர வண்டியில குதிரைச் சாணம் அள்ளிட்டு வருவார், தன் ரோஜாவுக்குப் போட்டது போக மிச்சத்தை ரோட்ல யார் யார் தோட்டம் வச்சிருக்காங்களோ அவங்க வீட்டு கேட்டுக்குள்ள கொட்டிட்டு சொல்லாமக் கொள்ளாமப் போயிடுவார். ஆவி பறக்கும் அந்தக் குளிர்ல. முதல் தடவ எங்க வீட்ல கொட்டினப்ப யாரோ வேணும்னே செஞ்சுட்டாங்கன்னு நினைச்சு அப்பா முகம் இறுகிப் போச்சு. புது ஊரு, கறுத்த தோலு, வாசல்ல சாணி. ரெண்டு நாள் கழிச்சு அந்தத் தாத்தாவே வந்து ஏன் இன்னும் செடிக்குப் போடலன்னு கேட்டப்பதான் விஷயமே புரிஞ்சுது.

ஒரு நாள் அவர் ஒரு கட்டு ருபார்ப் கொண்டுவந்து குடுத்தார். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், சிவப்புத் தண்டு, மேல யானைக் காது மாதிரி அகலமான இலை. அங்க தண்டை சர்க்கரை போட்டு வேகவச்சு திம்பாங்க. அம்மா ஒரு தண்டைக் கிள்ளி வாயில போட்டாங்க, நல்ல புளிப்பு, உடனே புளிச்சகீரை ஞாபகம் வந்துருச்சு. மூணு வருஷமா கீரையே பாக்காத மனுஷி. தண்டைத் தனியா வச்சுட்டு அவ்வளவு பெரிய இலையை யாராவது தூக்கிப் போடுவாங்களான்னு இலையை எல்லாம் கழுவி நறுக்க ஆரம்பிச்சாங்க. எங்க சமையலறை ஜன்னல் ரோட்டைப் பாத்து இருக்கும், அது வழியா அதைப் பாத்துட்டாரு தாத்தா. அந்த வயசுல அவர் ஓடி நான் பாத்ததே இல்ல. கேட்டைத் திறந்து, சாவி கதவுல இருந்துச்சுல்ல, அதைத் திருப்பி நேரா உள்ள வந்து அம்மா கையில இருந்த கத்தியைப் பிடுங்கி, இலையைக் காட்டி, தன் தொண்டையைப் பிடிச்சுக்கிட்டு கண்ணை மூடிக் காட்டினார். ருபார்ப் இலை விஷம். அம்மா அன்னிக்கு அதைக் கடைஞ்சு வச்சிருந்தா எங்க வீட்ல எல்லாருமே சாப்பிட்டிருப்போம்.

நீங்க கேட்ட அந்தச் சாவி இதுதாம்மா. வெளிப்பக்கமே கதவுல சொருகி இருக்கும், சில வீட்ல கடிதம் போடுற ஓட்டைக்குள்ள கயித்துல கட்டித் தொங்கும். அது வெறும் அழகுக்காக நான் எழுதின வரி இல்ல. அந்தக் கதவு பூட்டியிருந்தா தாத்தா பெல் அடிச்சு, அம்மா கையைத் துடைச்சுக்கிட்டு வந்து திறந்து, இவர் இங்கிலீஷ்ல சொல்லி, அம்மாவுக்கு புரியாம... ஒருவேளை அப்பவும் தடுத்திருப்பாரு. ஆனா எனக்கு அந்தத் திறந்த கதவு ஞாபகத்துல அப்படித்தான் நிக்குது.

எங்களுக்கு அடுத்த வீட்ல ரெண்டு பேர், புருஷன் பொண்டாட்டி, ரெண்டு பேருக்குமே காது கேக்காது. பக்கத்துல காப்ராங்கற பகுதியில காது கேக்காத பிள்ளைங்களுக்கு ரெண்டு பெரிய பள்ளிக்கூடம் இருந்தது உங்களுக்குத் தெரியுமான்னு தெரியல, பொண்ணுங்களுக்கு 1846ல கன்னியாஸ்திரிகள் ஆரம்பிச்சது, பசங்களுக்கு 1857ல. நாடு முழுக்க இருந்து பிள்ளைங்க வந்து அங்க தங்கிப் படிச்சு, படிச்சு முடிச்சு அந்தப் பக்கத்துலயே வீடு பாத்துக்கிட்டவங்க நிறைய. இதுல ஒரு அதிசயம் என்னன்னா ரெண்டு பள்ளிக்கூடமும் கூப்பிடு தூரம், ஆனா பொண்ணுங்க பேசுற சைகை வேற, பசங்க பேசுற சைகை வேற. பாக்கவே விடமாட்டாங்க ஒருத்தரை ஒருத்தர், அதனால ரெண்டும் தனித்தனியா வளந்துருச்சு. கல்யாணம் ஆனப்புறம் பெரும்பாலும் பொண்ணுதான் தன் சைகையை விட்டுட்டு புருஷனோட சைகையைக் கத்துக்கும். அம்மா அவங்களுக்கு வச்ச பேர் சைகையம்மா. வீட்ல புருஷன்கூட ஒரு மாதிரி, தன் பழைய பள்ளிக்கூடத்துத் தோழி வந்தா வேற மாதிரி பேசுவாங்க, தோழி வந்த அன்னிக்கு கை ரெண்டும் பறக்கும், முகமே பத்து வயசு குறைஞ்சிரும்.

அந்த ரோட்ல அம்மாவுக்கு முதல்ல கிடைச்ச சிநேகிதி அவங்கதான். யோசிச்சுப் பாத்தா வேற யாரா இருந்திருக்க முடியும்? மத்தவங்க எல்லாம் இங்கிலீஷ்ல வேகமா பேசினாங்க, அதுவும் டப்ளின் இங்கிலீஷ். அம்மா திருவையாறை விட்டு வெளிய வராதவங்க, எஸ்எஸ்எல்சி இங்கிலீஷ் படிக்கத்தான் வரும், காதுல ஒண்ணும் ஏறாது. சைகையம்மாவுக்கும் அந்தப் பேச்சு காதுல ஏறாது. ஆக ரெண்டு பேரும் சமம். ஐரிஷ் சைகையில எழுத்தெல்லாம் ஒரே கையால காட்டணும். சமையலறை மேஜையில உக்காந்து சைகையம்மா விரலால ஒவ்வொரு எழுத்தா காட்ட, அம்மா அதைச் சேத்து வார்த்தையா படிப்பாங்க. கடைக்குப் போற சீட்டு, பஸ் நம்பர், கேஸ் பில்லுல என்ன எழுதியிருக்கு, எல்லாம் விரல்லதான். அம்மா இங்கிலீஷ் கத்துக்கிட்டதே அப்படித்தான். இன்னிக்கும் ஏதாவது இங்கிலீஷ் வார்த்தைக்கு ஸ்பெல்லிங் யோசிச்சா வலது கை மடியில தானா அசையும், நான் பாத்திருக்கேன். அந்த வீட்டு பெல்லை அழுத்தினா சத்தம் வராது, உள்ள விளக்கு மினுக்கும். நாங்க ரெண்டு தடவ அழுத்துவோம், ரெண்டு மினுக்குன்னா எங்க வீடுன்னு அவங்களுக்குத் தெரியும். ஐரிஷ் சைகை மொழிக்கு சட்ட அங்கீகாரம் 2017 டிசம்பர்லதான் வந்துச்சு. அதைப் படிச்சப்புறம் அம்மா ரெண்டு நாள் வேற எதையும் பேசல.

சரி, உங்க முதல் கேள்விக்கு வரேன். நிஜமாவே அப்படி இருந்துச்சான்னு கேட்டீங்க. இருந்துச்சும்மா. ஆனா ஏன் இருந்துச்சுன்னும் சொல்லணும், அதைச் சொல்லாம விட்டா அந்தக் காலத்து ஜனங்க தங்கம், இந்தக் காலத்து ஜனங்க தகரம்னு ஆயிடும், அது பொய். அவங்க ஒருத்தர் கதவை ஒருத்தர் தட்டினது தன் வீட்ல ஏதாவது ஒண்ணு இல்லாததால. எங்க வரிசையில போன் இருந்தது ஒரே வீட்ல, அப்ப அயர்லாந்துல போனுக்கு எழுதிப் போட்டா வருஷக்கணக்கா காத்திருக்கணும். அதனால ரோட்டுக்கே அந்த வீட்டு நம்பர்தான் நம்பர், ஹால்ல போன் பக்கத்துல ஒரு தகர டப்பா, பேசிட்டு காசைப் போட்டுட்டு வரணும். கார் எல்லார்கிட்டயும் கிடையாது. ஏணி ஒரு வீட்ல, புல்லு வெட்டுற மெஷின் ஒரு வீட்ல. நிலக்கரிக்காரர் மூட்டையைத் தோள்ல தூக்கிட்டு வரும்போது வீட்ல ஆள் இல்லன்னா பக்கத்து வீட்டம்மா காசு குடுத்து வாங்கி வச்சிருப்பாங்க. இல்லாமைதான் கதவைத் திறந்து வச்சது. பிறகு போன் வந்துச்சு, கார் வந்துச்சு, டப்ளின்ல புகை நிலக்கரியை 1990ல தடை பண்ணினாங்க (நல்ல காரியம், குளிர்காலத்துல மூச்சு விட முடியாது அந்த ஊர்ல, அப்பா ஆஸ்பத்திரியில இருந்து வந்து எத்தனை நெஞ்சுச் சளி கேஸ்னு சொல்லுவார்), கேஸ் ஹீட்டிங் வந்துச்சு. ஒவ்வொண்ணும் நல்லதுதான். ஒவ்வொண்ணா வர வர கதவு தட்டறது ஒண்ணு குறைஞ்சுச்சு.

இதை எனக்குப் புரிய வச்சது 1979. அந்த வருஷம் பிப்ரவரியில இருந்து ஜூன் வரைக்கும் கிட்டத்தட்ட 18 வாரம் அயர்லாந்துல தபால் ஸ்ட்ரைக். சம்பளம் பத்தாமத்தான் அவங்க இறங்கினாங்க, அதுல தப்பு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா ஊர்ல இருந்து ஒரு கடிதம் வரல. அம்மாவுக்கு வாரம் ஒரு நீலக் கடிதம் எழுதணும், எழுதினாதான் தூக்கம் வரும். போன் வீட்டுக்காரர் வேலை விஷயமா எல்லை தாண்டி வடக்கே, பிரிட்டனைச் சேந்த வட அயர்லாந்துக்குப் போறவர், அவரே வந்து, எழுதின கடிதங்களை எல்லாம் என்கிட்ட குடுங்கன்னு கேட்டார். எங்களோடது மட்டும் இல்ல, ரோட்ல யார் வெளிநாட்டுக்கு எழுதினாலும் அவர்கிட்டதான். ஒரு பிஸ்கட் டின்ல போட்டு, வழியில பட்டாளத்துக்காரங்க நிறுத்தி சோதனை போடுவாங்க, அதெல்லாம் தாண்டி அங்க நியூரிங்கற ஊர்ல இங்கிலாந்து ஸ்டாம்ப் ஒட்டிப் போட்டுட்டு வருவார். ஆக எங்க கடிதம் போச்சு. அங்கருந்து வரதுக்குத்தான் வழி இல்ல.

ஜூலையில ஒரு நாள் 14 கடிதம் ஒண்ணா வந்துச்சு. ரப்பர் பேண்ட் போட்டு. அம்மா உடனே பிரிக்கல, தபால் முத்திரையைப் பாத்து தேதி வாரியா மேஜையில அடுக்கி வச்சாங்க, நான் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, ஊர்க்கதை, மாடு கன்னு போட்டது, சித்தி பிள்ளைக்குக் காது குத்தினது. அஞ்சாவதுல எங்க தாத்தாவுக்கு, அம்மாவோட அப்பாவுக்கு, உடம்பு சரியில்ல. ஆறாவதுல தஞ்சாவூர் ஆஸ்பத்திரி. ஏழாவது மாமா எழுதினது, மேல உ போடாம ஆரம்பிச்சிருந்துச்சு. அம்மா அந்தப் பக்கத்தைப் பிரிச்சுப் பாத்ததும் படிக்காமலே மூடிட்டாங்க. ஏப்ரல்ல போயிட்டார் தாத்தா. தந்தி அடிச்சாங்களாம், எங்களுக்கு வந்து சேரல. ஏப்ரலுக்கு அப்புறமும் அம்மா வாராவாரம் "அப்பா வேளைக்கு சாப்பிடறாங்களா, முட்டி வலிக்கு தைலம் தேய்க்கிறீங்களா"ன்னு எழுதி அந்த பிஸ்கட் டின்ல போட்டுக்கிட்டே இருந்தாங்க. அதெல்லாம் ஊருக்குப் போய்ச் சேந்து பாட்டி கேக்க யாரோ படிச்சும் காட்டியிருக்காங்க.

அப்பா ட்யூட்டியில. நான் போய் அடுத்த வீட்டு பெல்லை அழுத்தினேன், ரெண்டு தடவைக்கு பதிலா அழுத்திக்கிட்டே இருந்தேன் போல, சைகையம்மா கையில மாவோட ஓடி வந்தாங்க. அம்மா தரையில உக்காந்திருந்தாங்க. சைகையம்மாவும் பக்கத்துல தரையில உக்காந்து அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க, மாவு ரெண்டு பேர் கையிலயும் ஒட்டிச்சு. அம்மா தமிழ்லயே ஒப்பாரியா சொல்லிச் சொல்லி அழறாங்க, காது கேக்காத அந்தம்மா ஒரு வார்த்தை விடாம கேட்டுக்கிட்டு இருந்தாங்க.

சாயங்காலத்துக்குள்ள ரோடு முழுக்கத் தெரிஞ்சுருச்சு. நம்ம ஊர்ல துக்கம் விசாரிக்க வர்ற மாதிரியேதாம்மா, ஒவ்வொருத்தரா வந்தாங்க. உள்ள நுழைஞ்சு, கையைப் பிடிச்சு, "உங்க கஷ்டத்துக்கு வருத்தப்படறேன்"னு அந்த ஊர்ல எல்லாரும் சொல்ற ஒரே வாக்கியம், அதைச் சொல்லிட்டு உக்காந்துருவாங்க. வேற ஒண்ணும் பேசறதில்ல. செத்து மூணு மாசமாச்சேன்னு யாரும் நினைக்கல, இவளுக்குத் தெரிஞ்சது இன்னிக்கு, அப்ப சாவும் இன்னிக்குத்தான். சாண்ட்விச், டீ, ஒரு முழு ரொட்டி, எங்க வீட்ல அன்னிக்கு அடுப்பு எரியல. நம்ம வழக்கமும் அதானே. பச்ச கேட்டு தாத்தா ஒரு கார்டு கொண்டுவந்தார், செத்தவங்க பேருக்கு சர்ச்சுல பூசை வைக்கச் சொல்லி காசு கட்டினா பாதிரியார் கையெழுத்து போட்டுத் தர்ற கார்டு. உள்ள எங்க தாத்தா பேர், எழுத்து தப்பாத்தான் இருந்துச்சு. தினம் ஐயாறப்பர் கோயிலுக்குப் போய்ட்டு வந்துதான் காபி குடிக்கிற மனுஷனுக்கு டப்ளின்ல ஒரு பூசை. அந்தக் கார்டு இன்னும் அம்மாவோட சாமி படத்துக்குப் பின்னாடி இருக்கு.

அதே வருஷம் செப்டம்பர் 29 சனிக்கிழமை, போப் வந்தார். ஃபீனிக்ஸ் பார்க்குல 10 லட்சத்துக்கும் மேல கூட்டம். விடியறதுக்கு முன்னாடியே நேவன் ரோடு முழுக்க நடந்து வர்ற ஜனம், கையில மடக்கு ஸ்டூல், பிளாஸ்க். அதுல எனக்கு ஞாபகம் இருக்கிறது போப் இல்ல, எங்க வீட்டு மாடிப்படியில நின்ன வரிசை. ஒரு கிழவி வந்து பாத்ரூம் போகணும்னு கேட்டாங்க, அம்மா விட்டாங்க, அப்புறம் ராத்திரி வரைக்கும் வரிசை நிக்கல.

இவ்வளவும் சொல்லிட்டு இன்னொண்ணையும் சொல்லாம இருக்க முடியல. அதே ரோட்ல மரங்களுக்குப் பின்னாடி ஒரு பெரிய கட்டடம் இருந்துச்சு. கல்யாணம் ஆகாம கர்ப்பமான பொண்ணுங்களை வச்சிருந்த இடம். 80கள் நடுவுல மூடினாங்க. நான் தினம் அதைத் தாண்டித்தான் போவேன். ஒரு தடவ போன் வீட்டம்மாகிட்ட அது என்ன இடம்னு கேட்டேன், அவங்க என் ஸ்கார்ஃபை இறுக்கிக் கட்டி விட்டுட்டு பஸ் வருதுன்னு சொன்னாங்க. பஸ் வரல. எங்க வீட்டுக்கு முதல்ல ரொட்டி கொண்டுவந்தது அவங்கதான். அந்த நல்ல மனுஷங்க எல்லாருக்கும் அந்தக் கட்டடத்துல என்ன நடக்குதுன்னு கொஞ்சமாவது தெரியும், ஒருத்தரும் பேசமாட்டாங்க. நாடு முழுக்க இந்த மாதிரி 18 இடங்களை விசாரிச்ச கமிஷன் அறிக்கை 2021 ஜனவரியில வந்துச்சு. 1922ல இருந்து 1998 வரைக்கும் அந்த 18 இடத்துல ஏறக்குறைய 56,000 பெண்கள் இருந்திருக்காங்க, சுமார் 9,000 குழந்தைங்க செத்துருக்கு. பிரதமர் பாராளுமன்றத்துல மன்னிப்பு கேட்டார். எங்க பேச்சை நீங்க சரியா எடுத்துக்கலன்னு அங்க இருந்த பெண்களே அந்த அறிக்கை மேல கோபப்பட்டாங்க, அந்தக் கோபம் நியாயமானது.

அந்தச் செய்தியை நான் படிச்சு காட்டினப்பதான் அம்மா ஒரு விஷயம் சொன்னாங்க, 40 வருஷத்துக்கு மேல மனசுலயே வச்சிருந்திருக்காங்க. என் தங்கச்சி பிறந்து ரெண்டு மாசம், அம்மா பஸ் ஸ்டாப்ல நிக்கிறாங்க. ஒரு பொண்ணு, 18 இருக்கும், சின்னப் பெட்டியோட தனியா நிக்குது. சட்டை முன்பக்கம் ரெண்டு இடத்துல ஈரம். பால் கட்டினவளுக்குத் தெரியாதா அது என்னன்னு. குழந்தை எங்கயோ அழும்போது இங்க தானா சுரக்கும்பாங்க. அம்மா தன் ஸ்வெட்டரைக் கழட்டி அந்தப் பொண்ணு தோள்ல போட்டு முன்னாடி இழுத்து பட்டன் போட்டு விட்டாங்களாம். அது ஒண்ணும் சொல்லல, இவங்களும் ஒண்ணும் சொல்லல, 38 நம்பர் பஸ் வந்துச்சு, ஏறிப் போயிருச்சு. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்டா, எனக்கு கேக்கத் தெரியல"ன்னாங்க அம்மா. அந்த மொழி தெரிஞ்சவங்க யாரும் கேக்கலியேம்மான்னேன். அவங்க சமாதானம் ஆகல.

அதனால அந்தக் காலத்தைத் திருப்பிக் குடுன்னு நான் கேக்கமாட்டேன். சாவி கதவுல தொங்கின ரோடுதான், உண்மைதான், ஆனா தட்டக் கூடாத கதவுன்னு ஒண்ணும் அதே ரோட்ல இருந்துச்சு.

1985ல நான் காலேஜுக்கு திருச்சிக்கு வந்துட்டேன், அடுத்த ரெண்டு வருஷத்துல அப்பா அம்மாவும் வந்துட்டாங்க. அங்கயும் அப்ப வேலை இல்ல, ரோட்ல என்கூட விளையாடின பசங்க பாதிப் பேர் லண்டனுக்கும் பாஸ்டனுக்கும் கிளம்பிட்டாங்க, பெரியவங்க மட்டும் பெரிய வீடுகள்ல. 2018ல நான் மறுபடி போய்ப் பாத்தேன். ரோடு அகலமாயிருந்துச்சு, பஸ்ஸுக்கு தனிப் பாதை, எம்50ங்கற சுற்று நெடுஞ்சாலைப் பக்கமா போற கார் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கு. முன்பக்கத் தோட்டம் நிறைய வீட்ல இல்ல, வேலிச் செடியை வெட்டி கல்லு பாவி ரெண்டு கார் நிறுத்தியிருக்காங்க. இப்ப பஸ் பாதைக்காக ஓரத்துல இன்னும் கொஞ்சம் எடுக்கறதா திட்டம் இருக்குன்னு அங்க இருக்கிற பெரியவங்க வருத்தப்படறாங்க, நைட் ட்யூட்டி முடிச்சு பஸ்ல வர்ற உங்களை மாதிரி ஆளுக்கு அந்தப் பாதை வேணும்னும் எனக்குத் தோணுது. பச்ச கேட்டு இருந்த இடத்துல கேட்டே இல்ல. சைகையம்மா வீட்டு வாசல்ல ஆறு பெல் இருந்துச்சு, ஆறுலயும் ஒவ்வொரு பேர் எழுதி, ரெண்டு பிரேசில் பேர், ஒண்ணு நம்ம ஊர்ப் பேர், கேரளாவா இருக்கும். எந்த பெல்லை அழுத்தறதுன்னு தெரியாம நின்னுட்டு வந்துட்டேன்.

ஆனா இன்னொரு பக்கமும் பாருங்க. நாங்க இருந்தப்ப அந்த ரோட்டுப் பக்கம் நம்ம முகம்னா விரல் விட்டு எண்ணிடலாம். அதே ரோட்ல இன்னும் கொஞ்சம் மேற்கே போனா பிளான்சர்ட்ஸ்டவுன், அங்க மும்பைல இருந்து வந்த ஒரு டாக்டரோட மகன் லியோ வரத்கர் 2017ல அந்த நாட்டுக்கே பிரதமரானார். 2022 கணக்குப்படி அயர்லாந்துல இந்தியப் பிரஜைங்க மட்டும் 45,000 பேர். உங்களை மாதிரி நர்ஸுங்கதான் அங்க எத்தனையோ ஆஸ்பத்திரியைத் தாங்கி நிக்கிறாங்க. இந்த ரோடு இப்ப உங்களோடதும்தான்.

கடைசியா அந்த பாட்டி. தட்டலாமான்னு கேட்டீங்க. தட்டுங்கம்மா, நாளைக்கே தட்டுங்க. 3 வருஷமா ஒருத்தருக்கொருத்தர் கை காட்டுறீங்க, அவங்க உங்க ட்யூட்டி நேரம் தெரிஞ்சுதான் ஜன்னல்ல உக்காந்திருக்காங்க. ஆனா ஒண்ணு, டப்பாவுல பலகாரம் எடுத்துட்டு போகாதீங்க. முதல் தடவ வேண்டாம். குடுக்கப் போனா அவங்க நன்றி சொல்லி வாங்கி வச்சுட்டு, டப்பாவைக் கழுவித் திருப்பிக் குடுத்து, அதோட முடிஞ்சுரும். கேக்கப் போங்க. நம்மகிட்ட ஒரு ஆள் வந்து ஒண்ணு கேக்குதுங்கறது அந்த வயசுல பெரிய விஷயம். எங்க அம்மாவையே பாருங்க, பக்கத்து வீட்டுப் பொண்ணு வந்து ரசப்பொடிக்கு அளவு கேட்டா அன்னிக்கு முழுக்க சந்தோஷமா இருப்பாங்க.

என்ன கேக்கறதுன்னு யோசிக்க வேண்டாம், அம்மாவே சொல்லிட்டாங்க. அந்த மாதிரி பழைய வீட்டுக் கொல்லையில எங்கயாவது ஒரு மூலையில ருபார்ப் இருக்கும், வச்சா வருஷக்கணக்கா சாகாது. ஏப்ரல் மே-ல தண்டு நல்லா வரும். நாலு தண்டு கிடைக்குமான்னு கேளுங்க. பொடியா நறுக்கி, நல்லெண்ணெயில கடுகு, வெந்தயப்பொடி, பெருங்காயம், மிளகாய்த்தூள் போட்டு சுண்ட வதக்கினா மாங்காய்த் தொக்கு கெட்டுது, புளியே வேண்டாம், ஒரு சின்ன உருண்டை வெல்லம் போட்டா போதும். அவங்களுக்குக் குடுக்கும்போது காரம் பாதியா குறைச்சுடுங்க, பச்ச கேட்டு தாத்தா முதல் தடவ வாயில வச்சுட்டு ரெண்டு டம்ளர் பால் குடிச்சார்.

இலையை அங்கேயே வெட்டிப் போட்டுட்டு வாங்க.